பூட்டுக்காரரின் கடைசிப் போட்டியும் என் இடது முழங்காலும்

ஒரு வியாழக்கிழமை மாலை ஐந்தே முக்கால் மணிக்கு, என் மனைவியிடம் பொய் சொல்வது என்று முடிவெடுத்தேன். மணியில் இரண்டு நிமிடம் முன்பின் இருக்கலாம். மற்றபடி இதில் எதையும் நான் கூட்டிச் சொல்லவில்லை.

நான் பொய் சொல்கிறவன் இல்லை. நல்ல குணம் என்று நினைத்துவிட வேண்டாம். பயம். எங்கள் குடும்பத்தில் முதலில் பட்டம் வாங்கியவன் நான். அந்தப் பட்டத்தை எவனாவது வந்து திருப்பிக் கேட்பான் என்ற பயம் இன்னும் போகவில்லை. தண்ணீர் மீட்டர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருக்கிறேன். ஒரு பேனாவைக்கூடக் கையெழுத்துப் போட்டுத்தான் எடுப்பேன். அப்படிப்பட்டவன் பொய் சொல்லத் துணிந்தான் என்றால், காரணம் பெரியதாகத்தான் இருக்க வேண்டும்.

காரணம், பூட்டுக்காரர்.

பூட்டுக்காரர் ஒரு மல்யுத்த வீரர். டிவியில் வருகிற, கயிறு கட்டிய மேடை மல்யுத்தம். வயது ஐம்பத்து மூன்று. தலையில் முடி இல்லை, இரண்டு முழங்காலிலும் பட்டை. மற்ற வீரர்கள் புகையோடும் நெருப்போடும் மேடைக்கு வருவார்கள். இவர் வங்கிக்குப் பாஸ்புக் பதியப் போகிறவர் மாதிரி நடந்து வருவார். மணி அடித்ததும் எதிராளியின் இடது காலைப் பிடிப்பார். அவ்வளவுதான். இருபது நிமிடம் அந்தக் காலை விட மாட்டார். முறுக்குவார், மடக்குவார், அதன்மேல் உட்காருவார். கடைசியில் எதிராளியே மேடையைத் தட்டி, போதும் சாமி, விட்டுவிடு என்று கெஞ்சுவான். பிடித்தால் திறக்காது என்பதால் பூட்டுக்காரர்.

அவருடைய கடைசிப் போட்டி ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு நேரடி ஒளிபரப்பு. அதோடு ஓய்வு. எதிராளி, தும்பி. இருபத்து நான்கு வயது. கயிற்றின்மேல் ஏறி நின்று, காற்றில் மூன்று சுற்றுச் சுற்றி, கீழே கிடப்பவன்மேல் விழுவான். கீழே கிடப்பவனும் அவன் ஏறி, நின்று, கையை ஆட்டி, கூட்டத்தைக் கும்பிட்டு முடிக்கிறவரை நகராமல் காத்திருப்பான். பஸ்ஸுக்குக்கூட நான் அப்படிக் காத்திருந்ததில்லை.

இதையெல்லாம் நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ஏழு நோட்டு. பார்த்த ஒவ்வொரு போட்டிக்கும் தேதி, நேரம், பிடிகள், குறைகள், ஐந்துக்கு எத்தனை மதிப்பெண். முதல் நோட்டின் முதல் பக்கத்தில் சட்டங்கள். முதல் சட்டம் இது: அடிபட்ட கால் கடைசிவரை அடிபட்ட காலாகவே இருக்க வேண்டும். பத்து நிமிடம் காலைப் பிடித்துக்கொண்டு அலறிவிட்டு, பதினோராவது நிமிடம் கயிறேறிக் குதிக்கிறவனுக்கு ஒன்றரை மதிப்பெண் குறைக்கப்படும். கால் மாற்றி நொண்டுகிறவனுக்கும் அதே தண்டனை. வலி பொய்யாக இருக்கலாம். பொய்யில் நேர்மை வேண்டும்.

இனி, பீரோவுக்கு வருகிறேன்.

என் மனைவியின் அண்ணன், அதாவது என் மச்சான், எங்கள் வீட்டுக்கு நேர் மேல் வீட்டுக்குக் குடிவருகிறார். நாங்கள் இரண்டாவது மாடி. அவர் மூன்றாவது. லிஃப்ட் கிடையாது. அவரிடம் ஒரு பீரோ உண்டு. அதைச் செய்தவன் அதற்கு முன்பு கப்பல் கட்டிக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வியாழக்கிழமை நான் வீட்டுக்குள் நுழைந்ததும் மனைவி சொன்னாள்.

"ஞாயித்துக்கிழமை அண்ணன் வீடு மாத்தறான். பீரோவை நீங்க ஒரு பக்கம் பிடிப்பீங்கன்னு சொல்லிட்டேன்."

"எத்தனை மணிக்கு?"

"ரெண்டரைக்கு வண்டி வரும்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"பீரோ மேல போற வரைக்கும்."

"வேற நேரத்துல வண்டி கிடைக்காதா?"

"கிடைக்காதாம்."

"ஒரு ஆள் வெச்சுக்கலாமேம்மா?"

"வெச்சிருக்கோமே. நீங்கதான் ஆள்."

தொண்டையைச் சரிசெய்துகொண்டேன். "மூணு மணிக்கு எனக்கு ஒரு முக்கியமான…"

"ஆபீஸ் வேலையா?"

"இல்ல."

"யாரையாவது பாக்கணுமா?"

"பாக்கணும்தான். ஆனா அவர் டிவியில இருப்பார்."

அவள் கையிலிருந்த துணியை மடிப்பதை நிறுத்தினாள். "நடிப்புச் சண்டை பாக்கறதுக்காக நிஜ பீரோவை விட்டுட்டுப் போவீங்களா?"

நடிப்பு! இந்த ஒரு சொல்லை என்னால் தாங்க முடியாது. பதில் சொல்ல வாயைத் திறந்தேன். அவள் அடுத்த துணியை மடிக்க ஆரம்பித்துவிட்டாள். மூடினேன்.

பதிவு செய்து பிறகு பார்க்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். என் மச்சானை உங்களுக்குத் தெரியாது. அவர் தும்பியின் பக்தர். எந்தப் போட்டியின் முடிவையும் எனக்குச் சொல்லாமல் அவர் விட்டதில்லை. ஒருமுறை நான் குளித்துக்கொண்டிருந்தபோது குளியலறைக் கதவைத் தட்டிச் சொல்லிவிட்டுப் போனார். இனி அவர் என் தலைக்கு மேலேயே குடியிருக்கப் போகிறவர். தரையைத் தட்டினால் போதும்.

"உன் ஆளு தரையை விட்டு எந்திரிக்கவே மாட்டான் மாப்ளே. அது மல்யுத்தமா, தூக்கமா?" என்பார்.

"உங்க ஆளு தரைக்கே வர மாட்டான் மச்சான். அது மல்யுத்தமா, பட்டமா?" என்பேன்.

இந்த உரையாடல் நான்கு வருடமாக ஒரு எழுத்துக்கூட மாறாமல் நடந்துவருகிறது.

ஆக, மாலை ஐந்தே முக்காலுக்கு முடிவெடுத்தேன். என் முழங்காலில் அடிபடும். இடது முழங்கால். பூட்டுக்காரர் மீதுள்ள மரியாதையால் இடது. காலில் கட்டுப் போட்டவன் பீரோ தூக்க வேண்டியதில்லை. படுக்கலாம். எங்கள் படுக்கையறைக் கதவைத் திறந்து வைத்தால் கட்டிலிலிருந்தே ஹாலில் உள்ள டிவி முழுசாகத் தெரியும். படுத்துப் பார்த்துச் சரிபார்த்துக்கொண்டேன்.

ஒரே ஒரு சிக்கல். என் மனைவி எலும்பு மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கிறாள். தினமும் அறுபது நொண்டிகள் அவள் முன்னால் வந்து டோக்கன் வாங்குகிறார்கள். இதைப் பற்றி ஆழமாக யோசித்தேன். மேசை உயரம். அவள் உட்கார்ந்திருப்பாள். நோயாளிகளின் கால் அவளுக்குத் தெரியவே தெரியாது. முகம்தான் தெரியும். ஆகவே பயமில்லை என்று முடிவு செய்தேன். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை ஒத்திகை. எந்தக் கால் என்று மறந்துவிடக் கூடாது என்பதற்காக இடது செருப்பில் ஒரு காய்ந்த பட்டாணியைப் போட்டுக்கொண்டேன். அலுவலகக் கிடங்கில், ஓடாத மீட்டர்கள் அடுக்கிய அலமாரிகளுக்கு நடுவே, இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நொண்டினேன். ஏழாவது சுற்றில் கிடங்குக் காவலர் வந்து நின்றார்.

"சார், கால்ல என்ன ஆச்சு?"

"இன்னும் ஆகல," என்றேன்.

"என்னது?"

"சாயங்காலம்தான் விழணும்."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று புரிந்தது. அவர் என்னை ஒருமாதிரி பார்த்தார். பிறகு மெதுவாகப் பின்னால் நகர்ந்து, கதவுக்கு வெளியே போய், "சார், வீட்ல யாராவது இருக்காங்களா?" என்று கேட்டார். இருக்கிறாள், அதுதான் பிரச்சினை என்று சொல்ல வந்து அடக்கிக்கொண்டேன்.

மாலை ஆறு மணி. எங்கள் மாடிப்படி. கையில் ஒரு பிளாஸ்டிக் வாளி, சத்தத்துக்காக. இடம், கீழிருந்து மூன்றாவது படி, பாதுகாப்புக்காக. வாளியை உருட்டிவிட்டேன். பிறகு உட்கார்ந்தேன். பிறகு அலறினேன். நல்ல அலறல். பூட்டுக்காரரிடம் மாட்டியவன் பதினெட்டாவது நிமிடத்தில் போடுகிற அலறல்.

மனைவி இறங்கி வந்தாள். ஓடி வந்தாள் என்று எழுதத்தான் ஆசை. இறங்கி வந்தாள்.

"எந்தக் கால்?"

"இடது."

"உள்பக்கமா, வெளிப்பக்கமா?"

இதற்கு நான் தயாராகவில்லை. "நடுவுல."

"மடக்கினா வலிக்குதா, நீட்டினா வலிக்குதா?"

"ரெண்டுக்கும்."

"மடக்காம நீட்டாம வெச்சா?"

"அப்பவும்."

"அடடா." என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "அப்ப பெரிய விஷயம்தான்."

தோளில் கை போட்டு என்னை மேலே ஏற்றினாள். கட்டிலில் படுக்க வைத்தாள். மருத்துவமனையில் கட்டுகிற மாதிரி கணுக்காலிலிருந்து தொடை நடுவரை துணி சுற்றினாள். ஒத்தடம் கொடுத்தாள். சாப்பாட்டைக் கட்டிலுக்கே கொண்டுவந்தாள். "வலிக்குதாங்க?" என்று மூன்று முறை கேட்டாள். ஒவ்வொரு முறையும் எனக்கு நெஞ்சுதான் வலித்தது. இவ்வளவு நல்லவளை ஏமாற்றுகிறேனே! பூட்டுக்காரர் ஓய்வு பெறப் போகாமல் இருந்திருந்தால் அந்த நிமிடமே உண்மையைச் சொல்லியிருப்பேன்.

சனிக்கிழமை காலை அவள் என் கைபேசியை எடுத்துக்கொண்டாள். "இதைப் பாத்துக்கிட்டே இருந்தா கால் ஆறாது" என்றாள். கைக்கும் காலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம்தான். எலும்பு மருத்துவமனைக்காரியிடம் எலும்பைப் பற்றி வாதாட நான் யார்? பிறகு ஹாலில் நின்று அண்ணனிடம் பேசினாள்.

"அண்ணா, இவருக்குக் கால் போச்சு. ஆமா. இடது. ஆமா, நேத்துத்தான். ஆமாமா, கரெக்டா நேத்து."

பிறகு வெகுநேரம் அந்தப் பக்கம் பேசுவதையே கேட்டுக்கொண்டிருந்தாள். இரண்டு முறை சிரித்தாள். எனக்குக் கொஞ்சம் நிம்மதி. கோபப்படவில்லை போலிருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, காலை உயர்த்தி வைக்க வேண்டும் என்றாள். தலையணை போதாதாம். ஒரு பழைய திரைச்சீலையைக் கிழித்து, என் இடது காலைத் தூக்கி, ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டாள்.

"இவ்வளவு உயரம் வேணுமாம்மா?"

"ரத்தம் கீழ இறங்கணும்ல."

"எங்கே இறங்கணும்?"

"மூளைக்கு."

சரி. கதவு திறந்திருந்தது. டிவி தெரிந்தது. கால் தொங்கினால் தொங்கட்டும். இன்னும் ஒன்றரை மணி நேரம். என்னைவிட நிம்மதியான மனிதன் அந்தத் தெருவிலேயே இருந்திருக்க முடியாது.

இரண்டே முக்காலுக்குப் படியில் தடதடவென்று சத்தம். மச்சானும் வண்டி ஓட்டுநரும் பீரோவை இரண்டாவது மாடிவரை ஏற்றிவிட்டார்கள். ஓட்டுநருக்கு வேறு சவாரியாம். கையைத் தட்டிக்கொண்டு போய்விட்டார். மச்சான் எங்கள் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார்.

"மாப்ளே, கால் எப்படி?"

"தாங்கிக்கிட்டிருக்கேன் மச்சான்."

"தாங்கு, தாங்கு. பீரோவைப் படியில விட்டா வழியை மறிக்கும். ஒரு ஆள் கிடைக்கிற வரைக்கும் இங்க ஓரமா வெச்சுக்கறேன்."

ஓரமாம்! அண்ணனும் தங்கையுமாக அதைத் தள்ளிக்கொண்டு வந்து, என் படுக்கையறை வாசலில், கதவு நிலைக்கு உள்ளே, இம்மி பிசகாமல் நிறுத்தினார்கள். மேலே நான்கு விரல் இடைவெளி. பக்கத்தில் ஒரு விரல். மீதியெல்லாம் இரும்பு. அதில் ஆளுயரக் கண்ணாடி வேறு. டிவி தெரிந்த இடத்தில் இப்போது ஒருவன் தெரிந்தான். ஜன்னலில் கால் கட்டப்பட்டு, வாயைத் திறந்துகொண்டு, என்னையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏம்மா!" என்றேன். "கொஞ்சம் நகத்தி வைக்கக் கூடாதா?"

"யார் நகத்தறது? ஆள் இல்லையே," என்று பீரோவுக்குப் பின்னாலிருந்து குரல் வந்தது.

அப்போது டிவி போடும் சத்தம் கேட்டது. கூட்டத்தின் இரைச்சல். மணி மூன்று.

"அண்ணா, இவர் பாக்க முடியலையே. நாமளாவது பாப்போம். பாத்து நடந்ததைச் சொன்னா இவருக்கும் ஆறுதலா இருக்கும்."

டிங்! போட்டி ஆரம்பமணி.

என் நிலைமையை யோசித்துப் பாருங்கள். நான்கு வருடமாகக் காத்திருந்த போட்டி பன்னிரண்டு அடி தூரத்தில் நடக்கிறது. எழுந்தால் பார்க்கலாம். ஆனால் எழ முடியாது. பீரோ கனம் என்பதால் அல்ல. முதல் சட்டம். அடிபட்ட கால் கடைசிவரை அடிபட்ட காலாகவே இருக்க வேண்டும். பதினோராவது நிமிடம் கட்டை அவிழ்த்துக்கொண்டு குதித்தால், நானும் தும்பிதானே?

காதைத் தீட்டினேன்.

"பிடிச்சுட்டார் அண்ணா! இடது காலைப் பிடிச்சுட்டார்!"

"என்ன இது, வந்ததும் காலைப் பிடிக்கிறான்? கடன் கேக்க வந்தவன் மாதிரி."

"சும்மா இரு. இவர் அவசரப்பட மாட்டார். சாவிதான் பூட்டைத் தேடி வரணும். பூட்டு எழுந்து போய்ச் சாவியைத் தேடாது."

நான் திகைத்துப்போனேன். என்ன அழகான வார்த்தை! இவள் என் மனைவியா? கல்யாணமாகி நான்கு வருடம், டிவியில் மேடை தெரிந்தால் எழுந்துபோய்த் துணி மடிக்கிறவள். அவளுக்குள் இப்படி ஒரு ரசிகை ஒளிந்திருந்தாளா?

தொம்! யாரோ விழுந்தார்கள்.

"பாத்தியா என் தும்பியை! பறந்தான் பாரு!" என்று மச்சான் கத்தினார்.

"பறக்கறது பெரிசில்ல அண்ணா. இறங்கின பிறகு என்ன செய்யறதுன்னு தெரியணும். பறவைக்கே கால் வேணும். இவனுக்கு இறக்கை மட்டும் போதும்னு நினைப்பு."

அதேதான்! அதேதான்! என் மனத்தில் உள்ளதை அப்படியே எடுத்துச் சொல்கிறாள். எனக்குக் கண் கலங்கியது. காலைக் கட்டியிருந்ததால் கண்ணீர் காதுக்குள் போனது.

"ஏம்மா! இப்போ எந்தப் பிடி?" என்று குரல் கொடுத்தேன்.

"வலி இருக்கறவங்க பேசக் கூடாது!"

பத்து நிமிடம் போயிற்று. பதினைந்து. தொம், தொம் என்று ஹால் அதிர்ந்தது. கண்ணாடியில் இருந்தவன் வியர்த்துக்கொண்டிருந்தான். மச்சான் தும்பிக்காகக் கத்தினார். மனைவி பூட்டுக்காரருக்காக நின்று நிதானமாகப் பேசினாள். அடிவாங்கியவன் அடி வாங்கியதை மறக்காமல் இருப்பதுதான் மரியாதை என்றாள். இரட்டையர் போட்டியெல்லாம் இல்லறம் மாதிரி, ஒருவர் உள்ளே உதை வாங்கும்போது இன்னொருவர் வெளியே கயிற்றைப் பிடித்துக்கொண்டு கையை நீட்டுவார், கை எட்டாது என்றாள். படுத்தபடியே கை தட்டினேன்.

இருபதாவது நிமிடம்.

"ஐயையோ! பூட்டுக்காரர் விழுந்துட்டார்!"

"எந்திரிக்காதே கிழவா! என் தும்பி ஏறிட்டான்! கயித்து மேல ஏறிட்டான்!"

"அண்ணா, வேணாம்னு சொல்லு அவனை!"

"குதிச்சுட்டான்!"

தொம்!

"ஒண்ணு!" என்றாள் மனைவி.

மூன்று எண்ணுவதற்குள் தோள் தரையை விட்டு எழாவிட்டால் தோல்வி. நான் கட்டிலில் பாதி எழுந்திருந்தேன்.

"ரெண்டு!"

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாக எழுத எனக்கு நினைவில்லை. திரைச்சீலை கிழிந்தது தெரியும். இடது காலைத் தரையில் ஊன்றினேன். வலது காலை ஊன்றினேன். தோளைப் பீரோவில் கொடுத்தேன். இரண்டு பேர் தூக்க வேண்டிய பீரோ கிரீச்சென்று இரண்டடி நகர்ந்தது. இடைவெளியில் பாய்ந்து ஹாலுக்குள் போய் விழுந்து, "தோளைத் தூக்குங்க, பூட்டுக்காரரே!" என்று கத்தினேன்.

டிவியில் நீச்சல் போட்டி ஓடிக்கொண்டிருந்தது.

மச்சான் சோபாவின்மேல் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையாலும் ஒரு தலையணையைத் தலைக்குமேல் தூக்கிப் பிடித்திருந்தார். கீழே ஒரு துணிமூட்டை நசுங்கிக் கிடந்தது. மனைவி நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். ஒரு கையில் டம்ளர், அதற்குள் ஒரு கரண்டி. மடியில் என் மூன்றாவது நோட்டு, விரித்தபடி.

டிவியில் நீச்சல்காரர்கள் கரையைத் தொட்டார்கள்.

"இருபத்தோரு நிமிஷம்," என்றாள் மனைவி, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து. "நான் பத்துன்னு நினைச்சேன். அண்ணன் அஞ்சுன்னு சொன்னான்."

"மாப்ளே, நல்லாத் தாங்கினே," என்று மச்சான் சோபாவிலிருந்து இறங்கினார்.

"பூட்டு… சாவி…" என்றேன்.

"மூணாவது நோட்டு, பதினாறாம் பக்கம்."

"பறவைக்குக் கால்…"

"அஞ்சாவது நோட்டு. அதுக்கு அடியில கோடு போட்டிருந்தீங்க."

என் எழுத்தை யாரும் சத்தம் போட்டுப் படித்து நான் கேட்டதே இல்லை. அதனால்தான் அடையாளம் தெரியவில்லை. அவ்வளவு நன்றாக இருந்தது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன்.

"எப்பத் தெரிஞ்சது?" என்று கேட்டேன்.

"வெள்ளிக்கிழமையே. முதல்ல வாளி விழுந்துச்சு. நாலு செகண்ட் கழிச்சுத்தான் நீங்க கத்தினீங்க. நடுவுல செருப்பை வேற கழட்டி ஓரமா ஜோடியா வெச்சிருந்தீங்க. ஒண்ணுல பட்டாணி."

"அது மட்டுமா?"

"முகம். அறுபது பேர் முகம் பாக்கறேன் தினமும். நிஜமா வலிக்கறவன் முகம் வேற. உங்க முகம் பரீட்சை எழுதறவன் முகம் மாதிரி இருந்துச்சு. பதில் தெரியாம பக்கத்துல பாக்கறவன் மாதிரி."

தலை குனிந்தேன். பிறகு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம் வந்தது. "போட்டி? போட்டி போச்சா?"

"போட்டி அஞ்சு மணிக்கு. ஏதோ மேடை சரியில்லன்னு ரெண்டு மணி நேரம் தள்ளி வெச்சுட்டாங்க. நேத்துக் காலையிலயே உங்க போன்ல வந்துடுச்சு." டம்ளரைக் கீழே வைத்தாள். "இப்ப மூணரை. பீரோ தனியா ஒரு ஆள் நகத்தற கனம்தான்னு இப்பத்தான் தெரிஞ்சது. ரெண்டு பேர் பிடிச்சா அஞ்சுக்குள்ள மேல போயிடும். போட்டியும் பாக்கலாம். சொல்லுங்க, கால் எப்படி இருக்கு?"

"தேவலை," என்றேன்.

"நல்லது. ரத்தம் மூளைக்கு இறங்கியிருக்கு."

பீரோவை எடுத்தோம். மச்சான் மேலே, நான் கீழே. பதினெட்டுப் படிகள், நடுவில் ஒரு திருப்பம். பீரோவின் கண்ணாடியில் என் முகம் எனக்கு எதிரே ஏறி வந்துகொண்டிருந்தது. திருப்பம்வரை பிழையில்லை. திருப்பத்தில் மச்சான், "இப்படித் தூக்கித் திருப்பு மாப்ளே, தும்பி மாதிரி!" என்றார். தும்பி மாதிரி என்ற சொல் என் காதில் விழுந்த அதே நொடியில் என் முழங்காலில் ஏதோ சொடுக்கியது. பட்டென்று.

அலறினேன். இந்த முறை வாளி இல்லை.

மேலே நின்றிருந்த மனைவி எட்டிப் பார்த்தாள். "என்னங்க?"

"கால்! என் கால்!"

"எந்தக் கால்?"

நான் சொல்லத் தயங்கியது வலியால் அல்ல.

"வலது," என்றேன்.

மச்சான் சிரித்த சிரிப்பில் பீரோ என் பக்கம் இரண்டு அங்குலம் இறங்கியது. "வலதா! மாப்ளே, பட்டாணி இடதுலதானே இருந்துச்சு!"

"நிஜமா மச்சான்! இது நிஜம்!"

"அப்ப அது?"

மீதி ஒன்பது படியையும் ஏறினேன். இடது காலில் கட்டு, வலது காலில் வலி. எந்தக் காலை நொண்டுவது என்று தெரியாமல் இரண்டையும் நொண்டினேன். பார்ப்பதற்கு ஒழுங்காக நடப்பதுபோலவே இருந்ததாம்.

ஐந்து மணிக்குப் போட்டி. மூவரும் பார்த்தோம். பூட்டுக்காரர் தோற்றார். இருபத்து ஆறு நிமிடம் அந்த இளைஞனின் இடது காலை விடாமல் வைத்திருந்து, கடைசியில் தோற்றார். ஒன்று சொல்ல வேண்டும். அன்று தும்பி ஜெயித்த பிறகும் நொண்டினான். கயிறேறும்போதும் நொண்டினான், பட்டத்தை வாங்கும்போதும் நொண்டினான். பூட்டுக்காரர் எழுந்து, அவன் காலைப் பார்த்து, அவன் தோளில் தட்டினார். பிறகு தன் இரண்டு முழங்கால் பட்டைகளையும் அவிழ்த்து மேடை நடுவில் வைத்துவிட்டு, எப்போதும்போல வங்கிக்குப் போகிறவர் மாதிரி நடந்து போனார். மச்சான் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "தூசி" என்றார்.

ஐந்துக்கு ஐந்து. எழுத உட்கார்ந்தேன். வலது காலை ஒரு நாற்காலியில் நீட்டிவைத்திருந்தேன். அது வீங்கி, சின்னப் பூசணிக்காய் அளவில் இருந்தது. மனைவி வந்து அருகில் நின்று என் முகத்தைக் கொஞ்சநேரம் பார்த்தாள். பிறகு உள்ளே போய், பனிக்கட்டியைத் துணியில் சுற்றி, என் நோட்டோடு சேர்த்துக் கொண்டுவந்து, முழங்காலில் பனிக்கட்டியை வைத்தாள். உள்பக்கமா வெளிப்பக்கமா என்று கேட்கவில்லை. சரியாக வலித்த இடத்திலேயே வைத்தாள்.

"நாளைக்கு ஒன்பது மணிக்கு ஆஸ்பத்திரிக்கு வந்துடுங்க. டோக்கன் போட்டு வெச்சிருக்கேன்."

எனக்கு மனசு நிறைந்துவிட்டது. "அப்ப நீ என்னை நம்பறியாம்மா?"

"முகம் பாத்தாலே தெரியுதே."

"டோக்கன் எத்தனாவது?"

"நாப்பத்தொண்ணு. வரிசைன்னா வரிசைதாங்க."

அவள் சமையலறைக்குப் போனதும் ஏழாவது நோட்டைத் திறந்தேன். நான் எழுத வேண்டிய பக்கத்தில் ஏற்கெனவே எழுதியிருந்தது. அவளுடைய கையெழுத்து. தேதி, நேரம், எல்லாம் முறைப்படி. போட்டி: கணவர் எதிர் பீரோ. நேரம்: வெள்ளி மாலை முதல் ஞாயிறு மாலை வரை. நிறை: அலறல், பொறுமை. மதிப்பெண்: ஐந்துக்கு மூன்றரை. அதற்குக் கீழே, மை இன்னும் காயாமல், ஒரு வரி:

"வலது கால் வலி உண்மை என்று விசாரணையில் தெரியவந்தது, ஆனாலும் கால் மாறியதால், முதல் சட்டப்படி ஒன்றரை மதிப்பெண் குறைக்கப்பட்டுள்ளது."